பிக்கப்பில் பேஸ்: எத்தனை வாட் என்பது கடைசிக் கேள்வி

அமெரிக்காவில் விற்கும் சாதாரணப் பிக்கப் டிரக்கின் ஸ்டீரியோவில் எந்தப் பாட்டைப் போட்டாலும் குரல் தெளிவாக வரும், சிம்பல் கணீரென்று வரும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி மட்டும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் குரல் கூடும், பேஸ் கூடாது. சில வண்டிகளில் முன்பிருந்ததைவிடக் குறையவும் செய்யும். கம்பெனி ஸ்டீரியோவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபயரையும் பின் இருக்கைக்கு அடியில் பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான ஒரு சப்வூஃபரையும் சேர்த்துவிடுவதுதான் இதற்கு அங்கே வழக்கமாகச் செய்யும் பரிகாரம்.

இங்கே டிரக் என்பது நம் ஊர் லாரி அல்ல. ஃபோர்ட் எஃப்-150, ராம் 1500, ஷெவ்ரலே சில்வராடோ, டொயோட்டா டகோமா வகை வண்டிகளைச் சொல்கிறேன். முன்னால் நாலைந்து பேர் உட்காரும் மூடிய கேபின், பின்னால் திறந்த தொட்டி. காரில் இருப்பதுபோல டிக்கி கிடையாது. பெட்டி, ஆம்ப்ளிஃபயர், ஒயர் எல்லாம் மனிதர் உட்காரும் அதே அறைக்குள் அடங்க வேண்டும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட் போடலாம்?" என்பதைத்தான். என் கணிப்பில் அது கடைசியில் கேட்க வேண்டியது. ஸ்டீரியோவிலிருந்து நேர்மையான சிக்னல் வருகிறதா, பெட்டிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால் வாட் கணக்கு தானாக அமைந்துவிடும்.

கம்பெனி ஸ்பீக்கரில் ஏன் பேஸ் இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்காகும். 80 ஹெர்ட்ஸுக்குத் திணறாத கதவு ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸுக்கு வரும்போது நான்கு மடங்கு அசைய வேண்டும். அதற்கான நீளம் அதன் காயிலுக்கு இல்லை. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 1980-இல் வந்த ரோலண்ட் டி.ஆர்-808 தாள இயந்திரத்தின் நீண்ட அடி, ஹிப்-ஹாப்பையும் மயாமி பேஸ் இசையையும் கட்டிய அந்த அடி, ஏறக்குறைய அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கிறது. கதவின் உள்ளே சரியான பெட்டியும் கிடையாது. கண்ணாடி இறங்கும் இடுக்கும், தண்ணீர் வடியும் ஓட்டைகளுமாக ஒரு தகர உறைதான் இருக்கிறது.

மின்சாரத்திலும் ஓர் எல்லை உண்டு. ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சில்லு பேட்டரியின் 14.4 வோல்ட்டை அப்படியே பயன்படுத்துகிறது. ஒரு ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டினாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஏட்டுக் கணக்கில் கிடைப்பது 26 வாட்தான். இழப்பு போக, சுத்தமாக வருவது இருபதுக்குள். "50 வாட் x 4" என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பது விற்பனைப் பேச்சு. தனி ஆம்ப்ளிஃபயர் இந்த எல்லையைத் தாண்டுவது அதன் வயிற்றுக்குள் இருக்கும் மின்மாற்றியால். 12 வோல்ட்டை வேகமாக வெட்டி, மேலே 30, கீழே 30 என்பது போல உயர்த்திக்கொண்டு அதிலிருந்து ஸ்பீக்கரை ஓட்டுகிறது.

இதுவரை சொன்னது இயற்கை விதித்த குறை. அடுத்தது கம்பெனியே வேண்டுமென்று வைத்தது. கதவு ஸ்பீக்கர் கிழியக்கூடாது, உத்தரவாதக் காலத்தில் புகார் வரக்கூடாது என்பதற்காக, சத்தம் ஏற ஏற ஸ்டீரியோவின் மென்பொருள் பேஸைப் படிப்படியாக வெட்டுகிறது. தாழ்ந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து சொன்னார்கள். அதைச் சாக்காக வைத்து, மெதுவாகக் கேட்கும்போது பேஸைக் கூட்டிக் கொடுத்து, உரக்கக் கேட்கும்போது பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. சப்வூஃபர் போட்டவருக்கு இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். குறைந்த சத்தத்தில் கேபின் குலுங்கும், நெடுஞ்சாலையில் கூட்டி வைத்தால் சப்வூஃபர் வாயடைத்துப்போகும். உடனே இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயரைத் தேடி ஓடுகிறார்கள். ஏற்கெனவே பிழிந்த கரும்பை இன்னும் பெரிய ஆலையில் கொடுத்தாலும் சக்கைதான் வரும்.

முப்பது வருடத்துக்கு முன்னால் இந்தத் தலைவலி இல்லை. டாஷ்போர்டில் இருந்த செவ்வகப் பெட்டியை உருவிவிட்டு, பின்புறம் ஆம்ப்ளிஃபயருக்கென்றே தனி வெளியீடு உள்ள கடைப் பெட்டியைச் செருகுவார்கள். இன்றைய டிரக்கில் அந்தத் திரைதான் பின்பக்கக் கேமராவைக் காட்டுகிறது, ஏசியைக் கட்டுப்படுத்துகிறது, டிரெய்லர் இழுக்கும் அமைப்புகளைச் சொல்கிறது. அதைக் கழற்றுவது பல வண்டிகளில் நடவாத காரியம், நடந்தாலும் வேண்டாத காரியம். ஆகவே கம்பெனி ஸ்டீரியோவோடு சமாதானமாகப் போகும் வித்தைதான் இன்றைக்குத் தொழிலின் மையம்.

அதற்கு வழிகள் சில உண்டு. எளிமையானது, கதவு ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே சிக்னலைக் கிளை பிரித்து எடுப்பது. இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் ஸ்பீக்கர் ஒயரை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். ஏற்காதவற்றுக்கு நடுவில் லைன் அவுட்புட் கன்வெர்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். மலிவான கன்வெர்டருக்குள் பட்டாணி அளவு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு இருக்கும். அவற்றின் இரும்பு சின்னது என்பதால் 30, 40 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அவை தடுமாறும். சப்வூஃபருக்காக வாங்கும் பொருள் சப்வூஃபருக்கு வேண்டியதையே தொலைப்பது இந்தத் துறையின் சின்ன நகைச்சுவைகளில் ஒன்று. மின்னணு வகைக் கன்வெர்டர் கொஞ்சம் விலை கூடினாலும் அந்தப் பிழை அதில் இல்லை. ஆடியோகன்ட்ரோல் நிறுவனத்தின் எல்.சி.2.ஐ போன்றவை ஒரு படி மேலே போய், சத்தம் ஏறும்போது ஸ்டீரியோ வெட்டும் பேஸை ஊகித்து மறுபடி ஏற்றித் தருகின்றன. ஊகம் எப்போதும் சரியாக இருக்காது என்றாலும், பெரும்பாலான டிரக்குகளுக்கு இதுவே போதும் என்பது என் கட்சி.

எந்த ஒயரில் கிளை பிரிப்பது என்பதில் கவனம் தேவை. கம்பெனி ஆம்ப்ளிஃபயர் தனியாக உள்ள வண்டிகளில் முன்கதவு ஸ்பீக்கருக்கும் டாஷ்போர்டு ட்வீட்டருக்கும் வேறு வேறு ஒயர் போகும். ட்வீட்டர் ஒயரில் கைவைத்தால் பேஸே கிடைக்காது. ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு முனைகளிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் சுமார் பாதி எப்போதும் நிற்கும். ஆகவே அதில் ஒன்றை எர்த் என்று நினைத்துப் பாடியோடு சேர்த்தால் ஸ்டீரியோவின் சில்லு போய்விடும். அதே பாதி வோல்ட் வேறு விதத்தில் உபகாரமும் செய்கிறது. அது தோன்றியதும் "ஸ்டீரியோ ஆன் ஆகிவிட்டது" என்று புரிந்துகொண்டு தானே விழித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு, அவற்றுக்குத் தனி ஸ்விட்ச் ஒயர் இழுக்க வேண்டாம். சில கம்பெனி ஆம்ப்ளிஃபயர்கள், தம்மோடு ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று மின்தடையைச் சோதித்துப் பார்க்கும். ஸ்பீக்கரைக் கழற்றி ஒயரை மட்டும் கன்வெர்டருக்குக் கொடுத்தால் அந்தச் சேனலையே மூடிவிடும். ஒரு ரெசிஸ்டரைப் போட்டு அதை ஏமாற்ற வேண்டும்.

இன்னொரு வழி, கம்பெனி ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்தில் அதற்கு மாற்றாக ஒரு மாட்யூலைச் செருகுவது. பேக் நிறுவனத்தின் ஆம்ப்ப்ரோ, ஐடேட்டாலிங்க்கின் மேஸ்ட்ரோ ஏ.ஆர். ஆகியவை இந்த வகை. திரையிடம் "நான்தான் கம்பெனி ஆம்ப்ளிஃபயர்" என்று வண்டியின் தரவு மொழியிலேயே சொல்லி, வெட்டுக்குத்து இல்லாத சிக்னலை வாங்கித் தருகின்றன. மோஸ்ட், ஏ2பி போன்ற டிஜிட்டல் கம்பிகளில் பாட்டு எண்களாக ஓடும் புதிய டிரக்குகளில் ஸ்பீக்கர் ஒயர் தவிர்த்த ஒரே வாசல் பெரும்பாலும் இதுதான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனி மாட்யூல் வேண்டும், விலையும் சப்வூஃபரின் விலையைத் தொடும். முழு ஒலி அமைப்பையே மாற்றுகிறவருக்கு இது தகும். ஒரே ஒரு 10 அங்குல சப்வூஃபர் சேர்ப்பவருக்கு அதிகம்.

இந்த வேலையில் இறங்கியவர்களை அதிகம் குழப்புவது இரைச்சல் நீக்கும் ஏற்பாடு. எஞ்சினின் தாழ்ந்த முனகலைக் கேட்டு, அதற்கு நேரெதிர் அலையைக் கதவு ஸ்பீக்கர்களில் விட்டு அழிக்க, கேபின் கூரையில் சிறு மைக்குகள் வைத்திருப்பார்கள். அந்த மைக் சப்வூஃபரின் பேஸையும் எஞ்சின் முனகல் என்றே எடுத்துக்கொள்ளும். எதிரலை கிளம்பும், அதையும் புதிய ஆம்ப்ளிஃபயர் பெருக்கும், பாட்டே போடாத நேரத்தில்கூட ஒரு ஊமை ஊளை எழும். ஆம்ப்ளிஃபயர் பழுது என்று நினைத்து அதை மாற்றுபவர்கள் உண்டு. மைக் கனெக்டர்களைக் கழற்றிவிட்டால், அல்லது அமைப்பில் அதை அணைக்க முடிந்தால், பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேபினில் எஞ்சின் முனகல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சிக்னல் முடிந்தது, இனி இடம். இந்தத் தொழிலின் அமெரிக்க முன்னோடிகளில் இருவர் 1973-இல் தொடங்கியவர்கள். அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் ஆம்ப்ளிஃபயர் பக்கமிருந்து வந்தார். ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் ஸ்டீவ் இர்பி ஸ்பீக்கர் பெட்டிப் பக்கமிருந்து வந்தார், 1980-இல் கார்களுக்கும் டிரக்குகளுக்குமென்றே அவர் செய்த பெட்டியின் பெயர்தான் கிக்கர். அவர்கள் கையில் அப்போதே கணக்கு தயாராக இருந்தது. மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று எட்கர் வில்ச்சர் 1954-இல் காட்டியிருந்தார். ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லும் சமன்பாடுகளைத் தந்திருந்தார்கள். பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகனும் கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் கூட்டாளியுமான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது: ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். பிக்கப்காரருக்குச் சின்னப் பெட்டி கட்டாயம் என்பதால் மீதி இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மின்சாரம் மலிவு, ஆகவே அதைச் செலவழிப்பதுதான் நடைமுறை.

நல்ல வேளையாக, டிக்கி இல்லாத கேபின் ஓர் உதவியும் செய்கிறது. ஓர் ஒலியின் பாதி அலைநீளம் கேபினின் நீளத்தைவிடப் பெரிதாகிவிட்டால், அதற்கு மேல் காற்று அலையாக ஓடாமல் மொத்தமாக அழுந்தி விரியத் தொடங்கும். இரட்டைக் கேபினின் உள்நீளம் இரண்டரை மீட்டர் என்றால், 343-ஐ ஐந்தால் வகுக்க, சுமார் 69 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபல் வரை கேபினே கூட்டிக் கொடுக்கும். ஒற்றைக் கேபினில் இது 100 ஹெர்ட்ஸுக்கு மேலேயே தொடங்கிவிடும். கதவிடுக்குகளில் கசிவதால் முழு 12 டெசிபல் கிடைக்காது. மூடிய பெட்டியில் வைத்த சப்வூஃபர் தன் எல்லைக்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் அதே 12 டெசிபல்தான் சரிகிறது. ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் ஈடுகட்டிவிடும். வீட்டில் மெலிந்து ஒலிக்கும் சின்ன மூடிய பெட்டி டிரக்கில் ஆழமாக இறங்குவதன் ரகசியம் இதுதான். ஓட்டை வைத்த பெட்டி இதே இடத்தில் அதிகச் சத்தம் தரும், ஆனால் அளவு பெரிது. ஓட்டை இசைந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானமும் போய்விடும். சத்தப் போட்டிக்குப் போகாதவருக்கு மூடிய பெட்டியே என் பரிந்துரை.

10 அங்குல சப்வூஃபருக்கு 17 முதல் 28 லிட்டர் வரை போதும் என்பது பொது வழக்கு. பின் இருக்கையைத் தூக்கினால் கிடைக்கும் இடத்தில் இது அடங்கும். ஆழம்தான் தட்டுப்பாடு, அதற்காகவே எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும் தட்டை சப்வூஃபர்கள் வந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே தகட்டுப் பெட்டியில் வரும் இருக்கையடி வகையும் உண்டு. 8 அங்குலம், நூற்றுச் சொச்சம் வாட். முதுகில் உணரும் அதிர்வுக்கு அது போதாது, ஆனால் பாட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்தால் போதும் என்பவருக்கு அதுவே நல்ல முடிவு. எதைப் போட்டாலும், பின்சுவர்த் தகடும் பிளாஸ்டிக் பட்டைகளும் கூடவே பாடும். அதிர்வை அடக்கும் ஒட்டுத்தகடு ஒட்டாமல் கேட்டுவிட்டுச் சப்வூஃபரைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது வாட். 2003-இல் வந்த சி.இ.ஏ-2006 என்ற அமெரிக்க அளவீட்டு முறையின்படி, 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் வரும் வாட்டைத்தான் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். அந்த முத்திரையுள்ள 500 வாட், முத்திரையில்லாத 2,000 வாட்டைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். சத்தம் இரு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும் என்பதால், 300-க்கும் 500-க்கும் காதில் தெரியும் வேறுபாடு சொற்பம்.

500 வாட் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் எண்பது சதவீதத் திறனில் முழுவேகத்தில் ஓடினால் இழுப்பது சுமார் 45 ஆம்பியர். பாட்டில் எப்போதும் முழு அடி வராததால் சராசரி இதில் ஒரு பகுதியே. இன்றைய முழு அளவுப் பிக்கப்பின் ஆல்டர்னேட்டருக்கு இது சுமையே அல்ல, ஆகவே பெரிய ஆல்டர்னேட்டர், இரண்டாம் பேட்டரி என்று ஆரம்பிப்பவரை நிறுத்தலாம். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரையும் விட்டுவிடலாம். 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தரும் ஆற்றல் 26 ஜூல், 600 வாட் பசிக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூடத் தாங்காது. அந்தப் பணத்தை ஒயரில் போடுவது மேல். 5 மீட்டர் ஓட்டத்துக்கு 4 கேஜ் செம்பில் 45 ஆம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ட்டுக்குள், 8 கேஜில் அரை வோல்ட்டை நெருங்கும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் பார்க்க அதே தடிமன், ஆனால் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மலிவு கிட்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அது காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, ஒயரை. உறை தேய்ந்து பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வண்டி எரியும். எர்த் விஷயத்தில் பிக்கப்புக்கு இரண்டு தனி நெளிவுகள் உண்டு. 2015 மாடலிலிருந்து எஃப்-150-இன் பாடி அலுமினியக் கலவை. எஃகில் செய்வதுபோலப் பெயின்ட்டைச் சுரண்டிச் செம்பு லக்கை இறுக்கினால், ஈரம் பட்டு இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு தொடங்கும். கம்பெனியே தந்துள்ள எர்த் போல்ட்டைத் தேடிப் பயன்படுத்துவதே முறை. அடுத்தது, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் உட்கார்ந்து வந்துபோகும் மின்னோட்டத்தை எண்ணும் சென்சார். ஆம்ப்ளிஃபயர் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் சென்சாருக்குத் தெரியாமல் மின்சாரம் செலவாகும், வண்டியின் சார்ஜ் கணக்கு தப்பும். சென்சாருக்கு அப்பால், பாடியில் கட்ட வேண்டும். இருக்கை பெல்ட்டின் போல்ட்டை எர்த்தாக்குகிறவர்களிடம் விவாதிக்கவே வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெய்ன் திருகு சத்தம் கூட்டுவதற்கானது என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்டீரியோ தரும் வோல்ட்டுக்கும் ஆம்ப்ளிஃபயரின் எல்லைக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் அதன் வேலை. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் வரை போகலாம் என்று தெரியும். 2 ஓமில் 500 வாட் என்றால் 31.6 வோல்ட். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரில் அந்த எண் வந்ததும் திருகை நிறுத்த வேண்டும். தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் காயில் சூடேறிக் கருகும். பிறகு சப்வூஃபரின் இரு ஒயர்களையும் ஒருமுறை மாற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும். கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் பேஸ் தடித்து வரும் பக்கமே சரி. காசு செலவில்லாத இந்தச் சோதனையால் ஏற்படும் மாற்றம் சில சமயம் புதிய ஆம்ப்ளிஃபயரால்கூட ஏற்படாது.

உத்தரவாதம் போய்விடுமே என்ற பயம் பாதி நியாயமானது. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் பூட்டியதால் மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது, அதனால்தான் பழுது வந்தது என்றிருக்க வேண்டும். தெருச் சத்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 50 அடிக்கு அப்பால் கேட்கக்கூடாது. ஃபுளோரிடாவின் 25 அடிச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது, 2022-இல் அது புது வடிவில் திரும்பிவிட்டது. காதைப் பற்றி ஓர் எச்சரிக்கை: வழக்கமான ஏ-எடை மீட்டர் 40 ஹெர்ட்ஸ் ஒலியை 34 டெசிபலுக்கு மேல் குறைத்துக் காட்டும், மீட்டரில் எண் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

இத்தனை பாடு எதற்கு, கம்பெனியின் உயர்ரக ஒலி அமைப்பையே வாங்கிவிடலாமே என்றும் கேட்கலாம். 2019 ராம் 1500-இல் ஹார்மன் கார்டன் 19 ஸ்பீக்கர், 900 வாட், 10 அங்குல சப்வூஃபர் என்று கொடுத்தது, குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அது பெரும்பாலும் விலை உயர்ந்த மாடல்களோடும் தொகுப்புகளோடும் சேர்ந்தே வரும். தோல் இருக்கை வேண்டாம், பேஸ் மட்டும் போதும் என்பவருக்கு அதில் வழியில்லை.

மின்சாரப் பிக்கப்புகள் கணக்கை இன்னொரு முறை மாற்றுகின்றன. எஃப்-150 லைட்னிங்கில் ஆல்டர்னேட்டரே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட்டைத் தருகிறது, அதன் எல்லைக்குள் ஆம்ப்ளிஃபயர் நிற்க வேண்டும். 2023 இறுதியில் வந்த டெஸ்லா சைபர்டிரக் 12 வோல்ட்டையே கைவிட்டு 48-க்குப் போய்விட்டது. கடையில் கிடைக்கும் சாதாரண ஆம்ப்ளிஃபயரை அதில் பூட்ட வேண்டுமென்றால் 48-ஐ முதலில் 12 ஆக இறக்க ஒரு பெட்டி வேண்டும். இறக்கிய அந்த 12-ஐ ஆம்ப்ளிஃபயர் தன் வயிற்றுக்குள் மறுபடி அறுபதாக ஏற்றிக்கொள்ளும்.